நிறுத்தத் தெரிந்தவரே வேகமாக ஓட்டுவார்



திருவண்ணாமலை நடையின் ஊர். மலையைச் சுற்றியுள்ள பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் நம் இந்து சகோதரர்கள் இலட்சக்கணக்கில் வந்து, அப்பாதையைக் காலால் நடந்தே கடக்கின்றனர். முதியோர் நடக்கின்றனர், கைக்குழந்தையைத் தோளில் சுமந்த தாய்மார் நடக்கின்றனர். விரைந்து முடிக்க வேண்டும் என்று எவரும் அங்கே நடப்பதில்லை.

இதே ஊரில்தான் மாலை மங்கியதும் செங்கம் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் வேறொரு காட்சியைக் காண்கிறோம். இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்கின்றன. ஓட்டுபவனுக்கு மீசை அரும்பியிருக்காது. தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கும். கேட்டால், "ரேஸ் விடுகிறோம்" என்பான். தன்னை ஒரு பந்தய வீரனாகவே அவன் எண்ணிக்கொள்கிறான்.

உண்மைப் பந்தய வீரர் எப்படி ஓட்டுகிறார் என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லுவது? நம் தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூரில் வளர்ந்து, உலகின் மிக விரைவான கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஒருவர் இருக்கிறார். நரேன் கார்த்திகேயன் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இம்மாதம் நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல விழைகிறோம்.

பந்தயம் வளர்ந்த மண்

கார்ப் பந்தயம் மேல்நாட்டார் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம், போர் முடிந்த பின் மோட்டார் பந்தயக் களமாக மாறியது. பல்லாண்டுகள் அங்கே பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் அமைந்தது. காஞ்சிபுரம் வழியாகச் சென்னை செல்லும் நம் ஊரார், நெடுஞ்சாலையை அடுத்து இப்படியொரு களம் இருப்பதை அறியாமலே கடந்து போகின்றனர்.

கோவைக்கும் இதில் பெரும் பங்குண்டு. விசைத்தறியும் பம்பு செட்டும் செய்த அந்த ஊரின் கைகள் பந்தயக் கார்களையும் செய்தன. எஸ். கரிவரதன் என்ற கோவைத் தொழிலதிபர், மாருதி காரின் என்ஜினைக் கொண்டு எளிய விலையில் பந்தயக் கார்களை உருவாக்கி, நம் நாட்டு இளைஞர்கள் இவ்விளையாட்டில் நுழைய வழிசெய்தார். 1995இல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயக் களம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய சூழலில் வளர்ந்தவரே நரேன் கார்த்திகேயன். 1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலி எனப்படும் நெடுந்தூரக் கார்ப் பந்தயத்தைப் பலமுறை வென்றவர். மகன் கோவை ஸ்டேன்ஸ் பள்ளியில் பயின்றார். வேகத்தின் மீதுள்ள ஆசை அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது எனலாம். ஆனால் அந்த ஆசை ஊர்ச் சாலையில் அவிழ்த்து விடப்படவில்லை. 1992இல், பதினைந்து வயதில், பிரான்சு நாட்டிலுள்ள பந்தயப் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு அவர் சென்றார். வண்டியோட்டுவதற்கும் ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர், ஒரு பாடம், ஒரு தேர்வு உண்டு என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும்.

பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு

பயிற்சி முடிந்ததும் புகழ் வந்து மாலையிட்டதா என்றால், இல்லை. நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் சிறிய வகைக் கார்களில் அவர் படிப்படியாக ஏறினார். 1994இல் இங்கிலாந்தில் நடந்த குளிர்காலத் தொடர் ஒன்றில் வென்று, ஐரோப்பாவில் பந்தயத் தொடர் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா தொடரில் வாகை சூடினார். பிறகு ஃபார்முலா த்ரீ எனும் மூன்றாம் நிலைப் பந்தயத்தில் இங்கிலாந்தில் மூன்றாண்டுகள் போராடினார். 1999இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் இரு பந்தயங்களை வென்றார். அடுத்த ஆண்டு அத்தொடரில் நான்காம் இடம் பெற்றார்.

2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில், ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்காக ஓட்டினார். ஃபார்முலா ஒன் என்பது கார்ப் பந்தயங்களில் முதல் நிலை.  அப்பொழுது அவருக்கு வயது 24.

கதவு திறந்துவிட்டது என்றே எவரும் நினைத்திருப்பர். ஆனால் கதவு திறக்கவில்லை. இவ்விளையாட்டில் திறமை மட்டும் போதாது; பெரும்பணமும் வேண்டும். 2004ஆம் ஆண்டுக்கு மினார்டி என்ற சிறிய அணி அவருக்கு இடம் தர முன்வந்தது. வேண்டிய பொருளுதவி திரளாததால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் வாசற்படி வரை வந்து திரும்புவது எளிதன்று. அவர் சீறவில்லை, சோர்ந்து வீட்டிலும் உட்காரவில்லை. அடுத்த நிலைப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டே காத்திருந்தார்.

2005 பிப்ரவரியில் ஜோர்டான் அணி அவரை அமர்த்தியது. மார்ச் 6ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் முதல் பந்தயம். தொடக்க வரிசையில் 12ஆம் இடத்தில் நின்று, 15ஆவதாக முடித்தார். அன்று அவருக்கு வயது 28. பிரான்சுப் பள்ளியில் சேர்ந்த நாள்தொட்டு எண்ணினால் 13 ஆண்டுகள். தாம் விரும்பிய வண்டியை விரும்பிய களத்தில் ஓட்டுவதற்கு ஒரு மனிதர் 13 ஆண்டுகள் காத்திருந்தார்! பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று சாப்பிடாமல் அடம்பிடிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இதனைச் சொல்லுங்கள்.

பதினான்கு கார்கள் நின்ற நாள்

அதே 2005ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பந்தயம் வரலாற்றில் இடம்பெற்றது. அந்தக் களத்தின் கடைசி வளைவு சரிவாக உயர்த்திக் கட்டப்பட்டது. அங்கே டயர்களின் மேல் அழுத்தம் மிகுதி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது மிஷ்லின் டயர் பூட்டிய கார் ஒன்று அவ்வளைவில் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. தங்கள் டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதிகூற இயலாது என அந்நிறுவனமே அறிவித்தது. மாற்று வழி காண முயன்றும் உடன்பாடு ஏற்படவில்லை.

ஞாயிறன்று 20 கார்களும் களத்துக்கு வந்தன. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷ்லின் டயர் பூட்டிய 14 கார்களும் ஓரமாகத் திரும்பிக் கொட்டகைக்குள் சென்றுவிட்டன. எஞ்சியவை ஆறே கார்கள். மைக்கேல் ஷூமாக்கர் முதலாவதாகவும், பாரிக்கெல்லோ இரண்டாவதாகவும், நரேனுடைய அணித்தோழர் மொந்தேய்ரோ மூன்றாவதாகவும், நரேன் நான்காவதாகவும் வந்தனர். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர் என்ற சிறப்பு அன்று அவருக்குக் கிடைத்தது. ஐந்து புள்ளிகள்.

ஆறு பேரில் நான்காவதா என்று ஏளனம் செய்தோரும் உண்டு. அவரோ பழுதில்லாத டயருடன் தம் கடமையை முறையாகச் செய்தார், கிடைத்ததைப் பெற்றார். நாம் சிந்திக்க வேண்டியது அந்தப் பதினான்கு பேரைப் பற்றியும்தான். உலகின் தலைசிறந்த வீரர்கள் அவர்களுள் இருந்தனர். கூட்டம் கூச்சலிட்டது, சீட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் வசைபாடினர். ஆயினும் டயரில் ஐயம் உண்டு என்று தெரிந்ததும் அவர்கள் ஓட்டவில்லை. அவர்களைக் கோழை என்று யார் சொல்லுவார்? தேய்ந்து வழவழப்பான டயருடன், மழை பெய்த சாலையில், பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு பறப்பதுதான் ஆண்மை என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் யாரோ?

வேகத்தின் உள்ளே இருக்கும் ஒழுக்கம்

பந்தயக் காரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நேரான தடத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். வளைவு வந்ததும், ஏறத்தாழ 100 மீட்டர் தூரத்துக்குள் அவ்வேகத்தில் மூன்றில் இரு பங்கைக் குறைத்தாக வேண்டும். அப்பொழுது வீரரின் உடல் தன் எடையைப் போல் நான்கைந்து மடங்கு பாரத்தை உணரும். கழுத்தும் தோளும் அதனைத் தாங்க அவர் நாள்தோறும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். நேர் தடத்தில் விசையை அழுத்த எவராலும் இயலும். எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில் பிரேக் போடுவது என்பதில்தான் நல்ல வீரரும் மற்றவரும் வேறுபடுகின்றனர்.

களத்தில் சட்டம் கடுமையானது. மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக்கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் பந்தயமே நிற்கும். நீலக் கொடி காட்டினால், ஒரு சுற்று முன்னே சென்று பின்னால் வந்துகொண்டிருக்கும் விரைவான காருக்கு வழிவிட வேண்டும். 2011, 2012 ஆண்டுகளில் நரேன் எச்.ஆர்.டி. என்ற எளிய அணிக்காக ஓட்டினார். அந்த அணியின் கார்கள் வரிசையின் கடைசியிலேயே ஓடின. ஆகவே சுற்றுக்குச் சுற்று நீலக் கொடியைக் கண்டு, தம்மைவிட வசதி படைத்தோருக்கு அவர் வழிவிட வேண்டியிருந்தது. வழிவிடுவதைத் தோல்வியென்று கருதுவோர் அந்த வேலையில் ஒரு நாளும் நிலைத்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பந்தயக் களத்தை ஒட்டி, டயர் மாற்றுவதற்காகக் கார்கள் ஒதுங்கும் பாதை ஒன்று உண்டு. அதனைப் 'பிட்' என்பர். அங்கே பணியாட்கள் நடமாடுகின்றனர். ஆகவே 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அதே கார், அப்பாதையில் நுழைந்ததும் 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது; மொனாக்கோ போன்ற குறுகிய களங்களில் 60க்கு மேல் கூடாது. மீறினால் தண்டனை. மனிதர் கால்நடையாகத் திரியும் இடத்தில் பந்தய வீரருக்கும் வேகக் கட்டுப்பாடு!

அப்படியானால் நம் தேரடி வீதி எது? பள்ளி விடும் நேரத்துப் போளூர் சாலை எது? ஞாயிறு பூசை முடிந்து மக்கள் வெளியேறும் நம் ஆலய வாசல் எது? மனிதர் நடமாடும் அந்த இடமெல்லாம் 'பிட்' பாதையே அன்றோ! உலகப் பந்தய வீரரும் மெல்லச் செல்ல வேண்டிய இடத்தில் நம் பிள்ளை பறக்கிறான்.

விபத்து கற்பித்த பாடம்

1994ஆம் ஆண்டு இத்தாலியின் இமோலா களத்தில், ஏப்ரல் 30ஆம் நாள் ராட்சென்பெர்கர் என்ற ஆஸ்திரிய வீரரும், மறுநாள் மே 1இல் பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற வீரர் அயர்டன் சென்னாவும் உயிரிழந்தனர். பந்தய உலகம் அழுதது, அழுததோடு நிற்கவில்லை. களங்களின் வளைவுகளைத் திருத்தியது. காரின் உடற்கூட்டை வலுப்படுத்தியது. 2003 முதல் கழுத்தைக் காக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. 2018 முதல் ஓட்டுநரின் தலைக்கு மேல் உலோக வளையம் ஒன்றைப் பொருத்தியது. ஒவ்வொரு சாவும் ஒரு விதியைப் பெற்றெடுத்தது.

அதன் பயனை நரேனே அனுபவித்தார். 2012ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அபுதாபியில் அவருடைய காரின் இயந்திரக் கோளாற்றால் வேகம் திடீரெனக் குறைந்தது. பின்னால் வந்த ரோஸ்பெர்கின் கார் அவர் கார் மீது ஏறி, அவர் தலைக்கு மேலாகப் பறந்து சென்று தடுப்பில் மோதியது. தொலைக்காட்சியில் கண்டோர் நெஞ்சம் உறைந்தது. இருவரும் காயமின்றி வெளியே வந்தனர். கவசமும் வார்ப்பட்டையும் வலுவான உடற்கூடும், அருகிலேயே ஆயத்தமாக நிற்கும் மருத்துவரும் அவர்களுக்கு இருந்தனர். நம் சாலையில் பறக்கும் பிள்ளைக்கு இவற்றுள் எது இருக்கிறது? ஒரு சட்டை, ஒரு செருப்பு, அவ்வளவே.

2009இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் வியப்பானது. பிரான்சின் லெமான் நகரில் 24 மணி நேரப் பந்தயம். மூன்று வீரர்கள் மாறி மாறி ஓட்ட வேண்டும். நரேன் அவர்களுள் ஒருவர். பந்தயம் தொடங்கச் சிறிது நேரமே இருந்தபோது, 'பிட்' பாதையின் சுவரைத் தாண்டுகையில் விழுந்து தோள்மூட்டு பிசகிவிட்டது. அந்தப் பந்தயத்தில் அவரால் ஓட்டவே முடியவில்லை. மற்ற இருவரே காரை ஓட்டி முடித்தனர். 300 கிலோமீட்டர் வேகம் கெடுக்காத உடலை ஒரு சிறு சுவர் கெடுத்தது. விபத்து வேகத்தில் மட்டும் ஒளிந்திருப்பதில்லை. கவனம் தவறும் நொடியில் ஒளிந்திருக்கிறது.

ஓட்டத்தை முடித்தவர்

நரேனின் பிற்கால வாழ்வையும் சுருக்கமாகக் காண்போம். நாடுகளுக்கிடையே நடந்த ஏ-ஒன் பந்தயத்தில் இந்திய அணிக்காக 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாய் களத்திலும், 2008இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்திலும் வெற்றி பெற்றார். 2010இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கா சென்று, அந்நாட்டார் உயிராய்ப் போற்றும் நாஸ்கார் அமைப்பின் டிரக் பந்தயங்களில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். மார்ட்டின்ஸ்வில் களத்தில் முதல் பந்தயத்தை 13ஆவதாக முடித்தார். அவ்வாண்டின் இறுதியில், அத்தொடரின் மக்கள் மனங்கவர்ந்த ஓட்டுநராக இரசிகர்கள் அவரையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர்.

2011 அக்டோபர் 30இல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நம் நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. சொந்த மண்ணில் அவர் 17ஆவதாக முடித்தார். 2012க்குப் பின் அந்த உயர்ந்த அரங்கில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. அவர் ஜப்பான் நாட்டுக்குச் சென்று பல ஆண்டுகள் ஓட்டினார். 2019 நவம்பரில், புஜி மலையடிவாரக் களத்தில், ஜப்பானிய, ஜெர்மானியப் பந்தயத் தொடர்களின் வீரர்கள் இணைந்து போட்டியிட்ட சிறப்புப் பந்தயம் ஒன்றில் முதலிடம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 42. பிறகு 2020இல் கோவையில் பழைய இருசக்கர வண்டிகளைச் செப்பனிட்டு விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

ஃபார்முலா ஒன்னில் அவர் தொடங்கிய பந்தயங்கள் 46. பெற்ற புள்ளிகள் 5. கணக்குப் பார்ப்போருக்கு இது சிறு தொகை. ஆனால் அவருக்குப் பின் 2010இல் சென்னையின் கருண் சந்தோக் அதே அரங்கில் நுழைந்தபோது, இந்தியரால் இயலுமா என்ற கேள்வி எழவில்லை. முன்னே ஒருவர் சென்ற தடம் இருந்தது.

புனித சின்னப்பர் கிறிஸ்தவ வாழ்வைப் பந்தயத்துக்கு ஒப்பிட்டுத் தம் திருமடல்களில் எழுதியிருப்பதை நாம் அறிவோம். பரிசை நாடுகிறவன் எல்லாவற்றிலும் தன்னடக்கம் காக்க வேண்டும் என்பதை அவர் வலியுறுத்துகிறார். தம் வாழ்வின் மாலையில், தாம் ஓட்டத்தை முடித்துவிட்டதை எண்ணியே நிறைவடைகிறார். எத்தனை பேரை முந்தினேன் என்று அவர் கணக்குக் காட்டவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியுடன் நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும்போது, இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகளின் பெயர் பொறித்த கற்களையும் காண்கிறோம். அக்கல்லின் முன் மண்டியிட்டிருக்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டாம்.

சட்டம் கூறுவதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். கியர் வைத்த வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும், உரிமம் வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பேற்க வேண்டும். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது.

கணக்கும் ஒன்று உண்டு. அதனைப் பிள்ளையையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆடு குறுக்கே வருவதைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த நொடி போய்விடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் போட்ட பின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இஃது இயற்கையின் சட்டம். இதற்கு விலக்குப் பெற எந்தப் பெரிய மனிதரின் சிபாரிசும் செல்லாது.

புதிய வண்டி வாங்கியதும் நாம் அதனை ஆலயத்துக்குக் கொண்டு வருகிறோம். சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். நல்ல வழக்கம். ஆனால் மந்திரித்த வண்டிக்கு ஆபத்து வராது என்று எண்ணித் தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது விசுவாசம் ஆகாது. இறைவனைச் சோதிப்பது ஆகும். ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி சோதிக்கப்பட்டபோது நம் ஆண்டவர் அதற்கு இணங்காததை நினைவுகூருங்கள்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கானிலிருந்து சாலைப் பயணத்தைப் பற்றிய வழிகாட்டி ஒன்று வெளிவந்தது. வண்டியோட்டுவோருக்கென்று பத்துக் கட்டளைகள் அதில் தரப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது, கொலை செய்தலைத் தடுக்கும் தேவ கட்டளையே. ஐந்தாம் கட்டளையை நாம் கத்தியோடும் அரிவாளோடும் மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். கைப்பிடி விசையை முறுக்கும் கையையும் அக்கட்டளை கட்டுப்படுத்துகிறது. ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருப்பவரை அன்போடு தடுத்து நிறுத்தும்படியும், விபத்தில் மாண்டோரின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும்படியும் அதே வழிகாட்டி நம்மைக் கேட்கிறது. திருமண வீட்டில் குடித்துவிட்டுச் சாவியைத் தேடுகிறவரிடமிருந்து அதனை வாங்கி வைப்பதும் அன்பின் செயலே.

பெற்றோரே, பிள்ளைக்கு வண்டி வாங்கித் தருவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவனுக்கு வயதும் உரிமமும் வந்தனவா? தலைக்கவசத்தை நீங்கள் சொல்லாமலே அணிகிறானா? முந்திச் செல்பவனைப் பார்த்துப் பொறுமையாக இருக்கும் மனம் அவனுக்கு உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிடில், முதலிரண்டும் பயன்படா. பிள்ளை கோபிப்பான், ஒரு வாரம் பேசமாட்டான். பரவாயில்லை. பேசாமல் இருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறான் அன்றோ! தந்தையும் இதில் முன்மாதிரி ஆகவேண்டும். ஒரே வண்டியில் மனைவி மக்களோடு நால்வராய்ப் பூசைக்கு விரையும் தந்தையின் அறிவுரை மகன் காதில் ஏறாது; ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் விரைய வேண்டிய தேவையே இல்லை.

இளைஞனே, உனக்கும் ஒரு சொல். வேகத்தை விரும்புவது பாவமன்று. அந்த ஆசை உன்னிடம் உண்மையாகவே இருக்குமானால், அதற்கெனக் களம் உண்டு, பயிற்சி உண்டு, ஆசிரியர் உண்டு. கோவையில் வளர்ந்த ஒருவர் அவ்வழியே சென்று உலகக் களங்களை எட்டினார். பிரேக் போடக் கற்றார், கொடிக்குக் கீழ்ப்படிந்தார், வழிவிட்டார், காத்திருந்தார். அவரைப் போல் ஆக விரும்பினால் முதலில் இந்த நான்கையும் கற்றுக்கொள்.

இம்மாதம் குடும்பச் செபமாலையின் முடிவில், சாலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும், இரவெல்லாம் பேருந்தும் லாரியும் ஓட்டும் தொழிலாளருக்காகவும், விபத்தில் பிள்ளையை இழந்த நம் பங்குக் குடும்பங்களுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரத்தை ஒப்புக்கொடுங்கள். செபித்து முடித்ததும், அந்தக் குடும்பங்களுள் ஒன்றின் வீட்டுக்கு நடந்து சென்று, சற்று நேரம் அவர்களோடு அமர்ந்து வாருங்கள்.